சூடானால் செல்ஃப் எடுக்காத கார்: மோட்டாரை மாற்றுமுன் அளந்து பாருங்கள்

கேள்வியின் சாரம் இது. பதினாறு ஆண்டுப் பழைய பெட்ரோல் கார், மேனுவல் கியர். காலையில் சாவியைத் தொட்டதும் எடுக்கிறது. சென்னையிலிருந்து கிளம்பி விக்கிரவாண்டியில் சாப்பிட நிறுத்திவிட்டு, இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. ஒரு மணி நேரம் போனால் ஒன்றுமே நடக்காததுபோல் எடுத்துவிடுகிறது. பேட்டரி புதியது. மெக்கானிக் செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா? அடுத்த வாரம் குடும்பத்தோடு கொடைக்கானல் போகவேண்டும்.

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். மோட்டார் கெட்டிருக்கவும் கூடும், அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த அறிகுறியோடு வரும் கார்களில் கணிசமானவற்றில் கோளாறு ஸ்டார்ட்டருக்கு, அதாவது செல்ஃப் மோட்டாருக்கு வெளியே, அதற்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயரிலோ, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த்திலோ, சாவி சுவிட்சிலோ இருக்கிறது. புதிய மோட்டார் போட்டால் சில மாதங்களுக்குச் சரியாகவும் போய்விடும். அதுதான் ஏமாற்றும் விஷயம். ஸ்டார்ட்டரோடு வரும் மின்காந்த சுவிட்சுக்குச் சொலனாய்டு என்று பெயர். புதிய சொலனாய்டில் பிளஞ்சர் என்னும் இரும்புத் தண்டு வழவழப்பாக நகரும், தொடுமுனைகள் பளபளப்பாக இருக்கும். குறைந்த மின்னழுத்தத்தையும் கொஞ்ச காலம் தாங்கும். அடுத்த சித்திரையில் அதே ‘டிக்’ திரும்ப வரும். ஆகவே முதல் வேலை அளப்பது. அதையும் கார் சூடாக இருக்கும்போது, அடம்பிடிக்கும் அந்த நேரத்திலேயே அளக்கவேண்டும். ஆறிய காரைப் பட்டறையில் விட்டுவிட்டு வந்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரியும்.

ஓடும்போது இல்லாத தொல்லை நிறுத்திய பிறகு ஏன் வருகிறது? ஓட்டத்தில் காற்று பானெட்டுக்குள் புகுந்து வெளியேறிக்கொண்டே இருக்கிறது, ரேடியேட்டர் நீர் சுற்றுகிறது. எஞ்சினை அணைத்த கணத்தில் இரண்டும் நின்றுவிடும். ஆனால் எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் மேனிஃபோல்டு குழாயும் எஞ்சின் பிளாக்கும் சேர்த்து வைத்த வெப்பம் எங்கும் போகவில்லை. அது சுற்றியிருக்கும் பொருள்களுக்குள் மெல்ல இறங்குகிறது. நிறுத்தியபின் பத்திலிருந்து முப்பது நிமிடம் வரை ஸ்டார்ட்டரின் வெப்பம் ஏறிக்கொண்டே போகும், பிறகுதான் இறங்கத் தொடங்கும். பெட்ரோல் போட்டுவிட்டு இரண்டு நிமிடத்தில் எடுத்தால் எடுப்பதும், சாப்பிட்டுவிட்டு வந்தால் எடுக்காததும் இதனால்தான். உங்கள் காரும் பெட்ரோல் பங்க்கில் மக்கர் செய்யவில்லை என்றால், வெப்பம் தேங்குவதுதான் சிக்கலைக் கிளப்புகிறது என்று ஏறக்குறைய உறுதி செய்துகொள்ளலாம்.

அந்த வெப்பம் உள்ளே என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் கணக்காகவே பார்த்துவிடுவோம். ஸ்டார்ட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சிறிய உருளைதான் சொலனாய்டு. அதற்குள் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்று இழுக்கும் சுருள், கனமானது, நிறைய மின்சாரம் குடிப்பது. மற்றொன்று பிடித்துவைக்கும் சுருள். சாவியைத் திருப்பியதும் இரண்டும் சேர்ந்து ஒரு இரும்பு பிளஞ்சரை உள்ளே இழுக்கின்றன. அதன் ஒரு முனை பினியன் என்னும் சிறு பல்சக்கரத்தைத் தள்ளி, எஞ்சினின் பெரிய சக்கரமான ஃபிளைவீலோடு கோக்கிறது; மறுமுனை ஒரு செம்புத் தகட்டை இரண்டு தடித்த தொடுமுனைகளின் மேல் அழுத்துகிறது. அப்போதுதான் பேட்டரியின் முழு மின்சாரமும் மோட்டாருக்குப் போகிறது.

சுருள்கள் செம்புக் கம்பி. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். காலையில் 30 டிகிரியில் இருந்த சுருள் மதியம் 105 டிகிரிக்குப் போனால் தடை 29 சதவீதம் ஏறிவிடுகிறது. எடுத்துக்காட்டாக, 0.4 ஓம் சுருள் 12 வோல்ட்டில் 30 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் அது 0.516 ஓம் ஆகி, 23 ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும். காந்தத்தின் இழுவிசையோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே விசை காலையில் இருந்ததில் 60 சதவீதமாகக் குறைகிறது. நல்ல நிலையில் உள்ள ஸ்டார்ட்டர் இதைத் தாங்கிக்கொள்ளும். தாங்கும்படிதான் அதை வடிவமைக்கிறார்கள். இல்லையென்றால் வேலூர் வெயிலில் ஒரு காரும் நகராது.

இப்போது சாவி சுவிட்சிலும் பழைய ஒயரிலும் சேர்த்து வெறும் 0.1 ஓம் கூடுதல் தடை வந்துவிட்டதாக வையுங்கள். காலையில் 24 ஆம்பியர் கிடைக்கும், விசை 64 சதவீதம், கார் எடுக்கும். சூட்டில் 19.5 ஆம்பியர், விசை 42 சதவீதம், கார் எடுக்காது. உங்கள் காரில் நடப்பது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். வெப்பத்தை நாம் ஒழிக்க முடியாது. அந்த 0.1 ஓமை ஒழிக்கலாம், செலவும் குறைவு.

அளப்பதற்கு முன் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ‘டிக்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது டாஷ்போர்டுக்குள்ளிருந்தோ ஃபியூஸ் பெட்டியிலிருந்தோ வரும் மெல்லிய சத்தமா, பானெட்டுக்கு அடியிலிருந்து வரும் கனமான ‘டக்’கா? மெல்லியதென்றால் ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச் மட்டும்தான் வேலை செய்கிறது, சொலனாய்டு அசையவில்லை. கனமான ‘டக்’ என்றால் பிளஞ்சர் நகர்ந்துவிட்டது. செம்புத் தகடு சரியாகத் தொடவில்லை அல்லது மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. ‘டகடகடக’ என்று விடாமல் அடித்தால் பேட்டரி, அதன் தூணில் ஒயரைப் பிடித்திருக்கும் கிளாம்ப், அல்லது பிடித்துவைக்கும் சுருள். மோட்டார் முக்கி முனகிச் சுற்றினால் தடித்த கேபிள், எர்த், மோட்டாரின் அச்சைத் தாங்கும் புஷ்ஷின் தேய்மானம் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். மோட்டார் நன்றாகவே சுற்றி எஞ்சின் மட்டும் பற்றவில்லை என்றால் இந்தப் பதிலையே மூடிவிடலாம். அது செல்ஃப் கோளாறே அல்ல; கார்புரேட்டர் காரில் பெட்ரோல் சூட்டில் ஆவியாகிக் குழாயை அடைப்பதும், இன்ஜெக்‌ஷன் காரில் எஞ்சின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சார் சூட்டில் செயலிழப்பதும் அப்படித்தான் காட்டும். இரண்டையும் ‘சூடானால் ஸ்டார்ட் ஆகவில்லை’ என்ற ஒரே வாக்கியத்தில் மெக்கானிக்கிடம் சொல்லிவிடுகிறோம், அவரும் கைக்கு வந்ததை மாற்றிவிடுகிறார்.

அளக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். 20 வோல்ட் டிசி நிலையில் வையுங்கள். சாவியைத் திருப்ப ஒருவர், மீட்டரைப் பிடிக்க ஒருவர். கியர் நியூட்ரலில், கைப்பிரேக் போட்டபடி. மேனிஃபோல்டு கையைப் பொசுக்கிவிடும். ரேடியேட்டர் ஃபேன் சாவி இல்லாமலும் திடீரென்று சுற்றும் கார்கள் உண்டு. கொஞ்சம் எச்சரிக்கை. சொலனாய்டில் தடித்த போல்ட் இரண்டும், ஒல்லியான ஒயர் செருகும் முனை ஒன்றும் இருக்கும். பேட்டரியிலிருந்து வரும் தடித்த போல்ட்டில் பெரும்பாலும் 30 என்றும், ஒல்லி ஒயர் முனையில் 50 என்றும் எண் பொறித்திருக்கும். மற்றொரு தடித்த போல்ட்டிலிருந்து மோட்டாருக்குள் கம்பி போகும்.

முதலில் அந்த 50. சிவப்பு முனையை அதிலும், கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் தூணிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். ஒயர் செருகியபடியே அளக்கவேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஒயரைக் கழற்றி அளந்தால் எவ்வளவு மோசமான ஒயரிலும் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மின்சாரமே ஓடவில்லை. டெஸ்ட் லைட் மட்டும் வைத்துக்கொண்டு ‘கரண்ட் வருது’ என்று சொல்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். செருகியபடி 11 வோல்ட்டுக்குப் பக்கமாக வந்தும் சொலனாய்டு அசையவில்லை என்றால் சொலனாய்டையோ எஞ்சின் எர்த்தையோ சந்தேகிக்கலாம். 8, 9 என்று காட்டினால் மோட்டாரைத் தொடவே வேண்டாம். கூடவே பேட்டரித் தூண்களுக்கு இடையிலும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். அங்கே 12 இருந்து 50-இல் 9 இருந்தால், மூன்று வோல்ட் வழியில் தொலைகிறது.

மீட்டரே இல்லாமல் ஒரு சோதனை உண்டு. கார் அடம்பிடிக்கும்போது, சாவியை அணைத்து, கியர் நியூட்ரலில் இருப்பதை இருமுறை பார்த்துவிட்டு, தடித்த ஒயர் ஒன்றைப் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து நேராக 50-இல் ஒரு நொடி தொடுங்கள். மோட்டார் கம்பீரமாகச் சுற்றினால் மோட்டார் நலம், சொலனாய்டும் நலம். குற்றவாளி சாவிக்கும் 50-க்கும் இடையில் எங்கோ உட்கார்ந்திருக்கிறது. அப்போதும் அதே ‘டக்’ மட்டும் வந்தால் மெக்கானிக் சொன்னதில் நியாயம் இருக்கலாம்.

அடுத்தது எர்த். இதைப் பற்றி எத்தனை சொன்னாலும் தகும். எஞ்சின் ரப்பர் மவுன்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் மின்சாரம் பாயாது. பேட்டரியின் மைனஸ்ஸிலிருந்தோ பாடியிலிருந்தோ எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரு பின்னல் பட்டையோ தடித்த ஒயரோ போகும். கிளட்ச் வேலைக்காகக் கியர்பாக்ஸை இறக்கும்போது அதைக் கழற்றுவார்கள். திரும்ப ஏற்றும்போது ஒரு போல்ட் மிச்சமானாலும் யாரும் கவலைப்படுவதில்லை. அப்படி வந்த ஒரு காரில் செல்ஃப் அடித்தால் ஆக்ஸிலரேட்டர் கேபிளின் உறை இளகி, பிளாஸ்டிக் கருகும் வாடை அடித்தது. மோட்டாருக்கான நூற்றுக்கு மேற்பட்ட ஆம்பியர் திரும்பிப் போக வேறு வழியில்லாமல், பென்சில் தடிமன்கூட இல்லாத அந்த எஃகுக் கேபிள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் உரிமையாளர் அதற்குள் ஒரு பேட்டரியும் ஒரு ஸ்டார்ட்டரும் வாங்கியிருந்தார். தேவைப்பட்டது ஒரு முழ நீளப் பட்டையும் இரண்டு போல்ட்டும்.

இதை அளப்பது எளிது. ஒரு முனை பேட்டரியின் மைனஸ் தூணில், மறுமுனை ஸ்டார்ட்டரின் உடம்பில் சுத்தமான இடத்தில். மோட்டார் சுற்றும்போது 0.3 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. பிளஸ் பக்கமும் அப்படியே: பேட்டரியின் பிளஸ் தூணுக்கும் 30 போல்ட்டுக்கும் இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளோ கிளாம்ப்போ சரியில்லை. மீட்டர் முனையைக் கிளாம்ப்பில் வைக்காமல் ஈயத் தூணிலேயே வையுங்கள். பூத்துப்போன கிளாம்ப்தான் பல வேளைகளில் திருடன், அதன்மேலேயே முனையை வைத்தால் அவன் கணக்கில் வரமாட்டான்.

50-இல் மின்னழுத்தம் குறைகிறது என்று தெரிந்தால் என்ன செய்வது? அந்த வழியில் சாவி சுவிட்சின் தொடுமுனைகள், இணைப்பான்கள், சில கார்களில் கிளட்ச் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் என்றால் நியூட்ரல் சுவிட்ச் எல்லாம் வரிசையாக இருக்கும். ஃபியூஸ் பெட்டியில் ஸ்டார்ட்டர் ரிலே இருக்கும் கார் என்றால் அதேபோன்ற வேறொரு ரிலேயை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ரிலே இல்லாத பழைய கார்களில் சொலனாய்டு இழுக்கும் அத்தனை ஆம்பியரும் சாவியின் வழியாகவே போகிறது. பத்துப் பதினைந்து ஆண்டில் உள்ளே கரி படியாமல் என்ன செய்யும்? அதற்குத் தீர்வு தனி ரிலே. சாதாரண நான்கு கால் 12 வோல்ட், 40 ஆம்பியர் ரிலே போதும். ரிலேயின் கால்களிலும் எண் இருக்கும். முன்பு 50-க்குப் போய்க்கொண்டிருந்த சாவி ஒயரை ரிலேயின் 86-இல் கொடுங்கள், 85-ஐ எர்த் செய்யுங்கள், பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் ஒயரை ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30-க்கும், 87-இலிருந்து அதே தடிமன் ஒயரை ஸ்டார்ட்டரின் 50-க்கும் கொண்டுபோங்கள். இனி சாவி சுமப்பது ரிலேயின் கால் ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம் மட்டுமே. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் எந்த உதிரிபாகக் கடையிலும் மொத்தப் பொருளும் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு ஒரு மணி நேர வேலை. ரிலேயை மட்டும் பேட்டரிக்குப் பக்கத்தில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெப்பத்தைக் குறை சொல்வதில் பொருளில்லை.

இது நம் ஊர் உத்தி மட்டும் அல்ல. அமெரிக்காவில் 1955-இல் வந்த செவ்ரோலே ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினில் ஸ்டார்ட்டர் அடியில், வலப்புற மேனிஃபோல்டுக்கு அருகில், சொலனாய்டைத் தலையில் சுமந்தபடி இருக்கும். வேகத்துக்காக மேனிஃபோல்டுக்குப் பதில் ஹெடர் என்னும் தனிப் புகைக் குழாய்களைப் போட்டவர்களுக்கு அவை ஸ்டார்ட்டரை உரசிக்கொண்டு போகும். சூட்டில் எடுக்காமல் போவது அந்த வண்டிக்காரர்களிடையே பேர்போன தொல்லை. அதே காலத்து ஃபோர்டு கார்களில் கனத்த சொலனாய்டு ரிலேயைப் பேட்டரிக்கு அருகே பாடியில் தனியாக வைத்திருந்தார்கள். ஆகவே செவ்ரோலேக்காரர்கள் ஃபோர்டின் ரிலேயை வாங்கித் தங்கள் வண்டியில் பூட்டிக்கொண்டார்கள். சிலர் ஒருபடி மேலே போய், ஸ்டார்ட்டரிலேயே பெரிய போல்ட்டையும் சாவி முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டு முழு மின்சாரத்தையும் வெளியே வைத்த ரிலே வழியாக விடுவார்கள். நிலைக்காந்தம் வைத்த இன்றைய ஸ்டார்ட்டரில் இதைச் செய்யாதீர்கள். சாவியை விட்டபிறகும் சுழலும் மோட்டார் ஒரு கணம் ஜெனரேட்டராகி, அந்தத் துண்டுக் கம்பி வழியாகத் தன் சொலனாய்டைத் தானே பிடித்துவைத்துக்கொள்ளும். பினியன் ஓடும் எஞ்சினோடு கோத்தபடியே நிற்கும்.

மின்சாரம் சரியாக வந்தும் எடுக்கவில்லை என்றால் ஸ்டார்ட்டரை இறக்கவேண்டியதுதான். இறக்கும் முன் பேட்டரியின் மைனஸ்ஸைக் கழற்றுங்கள். 30 போல்ட்டில் சாவி இல்லாமலேயே எப்போதும் மின்சாரம் இருக்கும், ஃபியூஸும் இராது. ஸ்பேனர் பாடியில் பட்டால் வெல்டிங் நடக்கும். திறந்தால் பெரும்பாலும் செம்புத் தகடு ஒரு பக்கம் குழிந்து கறுத்திருப்பதைப் பார்க்கலாம். அதைத் திருப்பிப் போட்டே ஓட்டிவிடுவார்கள் சில கைகாரர்கள். தொடுமுனையும் சேர்த்துப் புதிதாகப் போடுவதே நல்லது. பிளஞ்சரைத் துடைத்து உலர்வாகவே விடச் சொல்லுங்கள். அங்கே கிரீஸ் தடவினால் கிளட்ச் தூளோடு சேர்ந்து களிம்பாகி, அடுத்த கோடையில் அதுவே பிடித்துக்கொள்ளும். கார்பன் பிரஷ்ஷையும் புஷ்ஷையும் அதே கையோடு மாற்றிவிடலாம். நிலைக்காந்த மோட்டாருக்கு இன்னொரு பலவீனமும் உண்டு: ஃபெரைட் காந்தம் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.2 சதவீதம் வலுவிழக்கும், ஆறினால் திரும்பப் பெறும். நல்ல மோட்டாருக்கு அது பொருட்டல்ல, தேய்ந்த மோட்டாருக்குப் பொருட்டு.

வெப்பத்தடுப்பை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். பலர் முதலில் அதைத்தான் செய்கிறார்கள். மேனிஃபோல்டுக்கு மேல் ஒரு தகடு மூடியிருக்கவேண்டும், உங்கள் காரில் இருக்கிறதா என்று பாருங்கள். துருப்பிடித்த போல்ட் அறுந்ததும் தகட்டைத் தூக்கி மூலையில் போட்டுவிடும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. அதைத் திரும்பப் போடுவதுதான் உண்மையான வெப்பத்தடுப்பு. அலுமினியப் பூச்சுள்ள கண்ணாடியிழைத் துணியை ஸ்டார்ட்டருக்குச் சுற்றுவதும் உதவும். ஆனால் மேனிஃபோல்டு பக்கம் மட்டும் மறைத்து, மறுபக்கம் திறந்திருக்கட்டும். சுற்றிலும் இறுக்கிக் கட்டினால் உள்ளே போன சூடு வெளியே வராது. எண்ணெய்க் கசிவு இருக்கும் எஞ்சினில் துணி எண்ணெயை உறிஞ்சித் தீப்பிடிக்கும் பொருளாகிவிடும், அங்கே வேண்டவே வேண்டாம்.

கொடைக்கானல் பயணத்துக்கு வருவோம். வத்தலக்குண்டைத் தாண்டி மலையேறும்போது எஞ்சின் இரண்டாம் கியரில் உழைக்கும், காற்றோட்டம் குறைவு, மேனிஃபோல்டு அதிகபட்சச் சூட்டில் இருக்கும். கொடைக்கானலுக்குச் சற்று முன்னால் வெள்ளி அருவியில் எல்லோரும் இறங்கிப் படம் எடுத்துவிட்டுப் பதினைந்து இருபது நிமிடத்தில் திரும்புவார்கள். வெளியே குளிரடித்தாலும் உங்கள் ஸ்டார்ட்டருக்கு அதுதான் நாளின் மோசமான நேரம். கிளம்புவதற்குமுன் கிளாம்ப், எர்த், ரிலே மூன்றையும் முடித்துவிட்டு, விக்கிரவாண்டி வரை போகவேண்டாம், தாம்பரம் தாண்டி ஒரு மணி நேரம் ஓட்டி இருபது நிமிடம் நிறுத்திச் சோதித்துப் பாருங்கள். எடுத்துவிட்டால் துணிந்து போகலாம்.

வழியில் மாட்டிக்கொண்டால் பானெட்டைத் திறந்து வையுங்கள், ஏசி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். ‘டக்’ வந்தால் சாவியை உடனே விட்டுவிடுங்கள். தகடு தொட்டுவிட்டால் இழுக்கும் சுருளுக்கு மின்சாரம் தானாகவே நின்றுவிடும். தொடாதவரை அது முழு மின்சாரத்தையும் குடித்து மேலும் சூடேறிக்கொண்டிருக்கும். திரும்பத் திரும்ப முயல்வது காத்திருக்கும் நேரத்தைத்தான் கூட்டும். ஸ்டார்ட்டரைச் சுத்தியலால் தட்டும் பழைய வைத்தியம் பிரஷ் ஒட்டிக்கொண்டிருந்தால் பலிக்கும், மெல்லத் தட்டுங்கள். நிலைக்காந்த மோட்டாரில் ஓங்கி அடித்தால் உள்ளே காந்தம் விரிசல் விடும். உங்களுடையது மேனுவல் கியர் என்பதால் தள்ளி எடுக்கும் வழி எப்போதும் இருக்கிறது. ஆகவே மலையில் எங்கே நிறுத்தினாலும் முன்பக்கம் இறக்கத்தைப் பார்த்தபடி, எதிரே இடம் விட்டு நிறுத்துங்கள். சக்கரத்துக்குக் கல் வைத்தால் கிளம்பும்போது அதை எடுக்க மறக்காதீர்கள்.